கட்டார் அக்காவின் கோழிக் கணக்கு

இரண்டு நாட்டுச் சம்பளத்தையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் அடுப்பில் கறிச்சட்டி ஏற்றாத மனுஷி இந்த உலகத்தில் ஒரே ஒருத்திதான். அவர் மட்டக்களப்பில், வாவிக்கரையோரம் நான் தங்கியிருந்த போடிங்கில் எங்களுக்குச் சமைத்துப் போட்டார். பெயர் கட்டார் அக்கா. நான் சும்மா அளக்கிறேன் என்று நினைக்கிறவர்கள் அந்தப் போடிங்கில் ஒரு மாதம் பருப்பும் கருவாட்டுச் சம்பலும் சாப்பிட்டுவிட்டு வந்து என்னோடு கதைக்கலாம்.

போடிங் என்றால் பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. டவுணில் வேலைக்குப் போகிற பெண் பிள்ளைகளுக்கு ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் தன் வீட்டின் அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார். அதற்குத்தான் அந்தப் பெயர். சமையலுக்குக் கட்டார் அக்கா. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். ஆனால் வாக்காளர் பதிவுக்கு வந்த கிராம சேவகர் கேட்டபோது, "எழுதுங்க, கட்டார்" என்று டீச்சரே வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த மனிதரும் எழுதிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

அக்காவுக்குச் சொந்த இடம் கல்குடா. தாய் வாழைச்சேனைச் சந்தையில் மீன் விற்றவர். இளம் வயதிலேயே அக்கா கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போய், அங்கே பல வருசம் இருந்து, தலைமயிர் நரைக்கத் தொடங்கியபோது திரும்பி வந்தார். கட்டாரிலிருந்து வருகிறவர்கள் தங்கம் கொண்டு வருவார்கள், கம்பளிப் போர்வை கொண்டு வருவார்கள். அக்கா கொண்டு வந்தது ஒரு கேள்வி. "இஞ்ச ஆகக் குறைஞ்ச சம்பளம் ஆருக்கு?"

எங்கே போனாலும் முதலில் இந்தக் கேள்விதான். பல் பிடுங்கப் போனார். டொக்டர் ஊசியைத் தூக்கிக்கொண்டு "வாயைத் திறவுங்க அம்மா" என்றார். அக்கா திறந்தார். "டொக்டர், வெளிய கூட்டுற அந்தப் புள்ளைக்கு மாசம் என்ன குடுக்கிறீங்க?" டொக்டர் ஊசியோடு ஒரு அடி பின்னுக்குப் போனாராம். "மறுகா அந்த ஊசிய நான் போடவே விடல்ல" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தப் பல் இன்னும் அவர் வாயில்தான் இருக்கிறது.

எங்கள் அறைப் பிள்ளை சுசியைப் போடிங்குக்கே பெண் பார்க்க வந்தபோதும் அக்கா அடங்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு அரிசி ஆலை. மாப்பிள்ளையின் தகப்பன் வடையைக் கடித்தபடி ஆலையின் பெருமையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி கொண்டு வந்த அக்கா தட்டை வைக்கிற சாக்கில், "ஐயா, உங்கட ஆலையில ஆகக் குறைஞ்ச சம்பளம் ஆருக்கு?" என்று ஒரு போடு போட்டார். தகப்பனுக்கு வடை தொண்டையில் சிக்கிவிட்டது. டீச்சர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. சுசி கதவுக்குப் பின்னால் நின்று என் கையைக் கிள்ளுகிறாள். அப்போது மாப்பிள்ளைதான் மெதுவாக வாயைத் திறந்தார்.

"எனக்குத்தான் அக்கா. அப்பா எனக்குச் சம்பளமே தாறல்ல."

வீடே சிரித்தது. தகப்பனும் இருமி இருமிச் சிரித்தார். கலியாணம் ஒப்பேறியது, மாப்பிள்ளைக்குச் சம்பளமும் ஒப்பேறியது. சுசி இன்றைக்கும் சீதனத்தில் பெரியது அதுதான் என்று சொல்லுவாள்.

இப்படிப்பட்டவர் கையில் எங்கள் சாப்பாடு சிக்கினால் என்ன ஆகும்? வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். டீச்சர் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர், அந்தக் கதைக்கே வரமாட்டார். அக்காவின் மச்சாள் ஒருத்தி இன்னும் டோஹாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கிற வேலையில் இருந்தார். வியாழன் பின்னேரம் அக்கா அவருக்குப் போன் எடுப்பார். சுகம் விசாரிக்கிற வழக்கமெல்லாம் கிடையாது.

"மச்சாள், இப்ப ஒரு முழுக்கோழி வாங்க நீ எவ்வளவு நேரம் கூட்டணும்?"

மச்சாள் யோசித்துச் சொல்லுவார். பிறகு அக்கா எங்கள் பக்கம் திரும்புவார். அங்கே மச்சாள் கட்டாரின் ஆகக் குறைஞ்ச சம்பளம் என்றால், இங்கே இலங்கைக்கு ஓர் ஆள் வேண்டுமே! போடிங்கிலேயே ஆகக் குறைஞ்ச சம்பளக்காரி யார் என்று பார்த்தார். புடவைக்கடையில் சீலை மடிக்கிற நான்தான். ஆக, இந்த நாட்டுக்காக நான்தான் விளையாடினேன். தேசியக் கொடி மட்டும்தான் தரவில்லை.

"நீ சொல்லு புள்ள. ஒரு கோழிக்கு நீ கடையில எவ்வளவு நேரம் நிக்கணும்?"

அங்கே மச்சாள் விளக்குமாற்றைத் தூக்கி, உடம்பு வேர்க்கத் தொடங்க முதல் கோழி கைக்கு வந்துவிடும். இங்கே நான் காலையில் கடை திறந்து, தூசி தட்டி, பகல் சாப்பாட்டுக்கு உட்காரும்போது கோழியின் கழுத்து மட்டும்தான் வந்திருக்கும். பின்னேரம் பிளேன்டி, அதுதான் பால் விடாத தேத்தண்ணி, குடிக்கும்போது கால் இரண்டும் வரும். கடை பூட்டுகிற நேரத்திலும் நெஞ்சுப்பகுதி நாளைக்கு என்று நிற்கும்.

கட்டாரை நாங்கள் வெல்லுவது நடக்கிற காரியம் இல்லை என்று அக்காவுக்கும் தெரியும். அதனால் சட்டம் இதுதான். போன கிழமையைவிட இரண்டு நாட்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம் குறைந்தால் அந்த வெள்ளி கோழிக்கறி. கூடினால் பருப்பும் கருவாட்டுச் சம்பலும். அப்படியே நின்றால் முட்டை.

பிள்ளைகள் விடுவார்களா? அளவையே மாற்றப் பார்த்தார்கள். பார்மசியில் வேலை செய்த ஒருத்தி, "அக்கா, கோழிய விடுங்க. முருங்கைக்காயில பார்ப்பம். அங்க முருங்கைக்காய் யானை விலை. நாமதான் வெல்லுவம்" என்றாள்.

"முருங்கைக்காய் வாங்கவாடி நீ வேலைக்குப் போறாய்?"

"அப்ப வாவி நண்டு?"

அக்கா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். எங்கள் வாவி நண்டை டோஹாவில் தேடி வாங்குவதென்றால் மச்சாள் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துப் பக்கத்துத் தெருவையும் கூட்ட வேண்டிவரும். எங்களுக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. கடைசியில் அக்கா தலையை ஆட்டி, ஊர்ப் பழக்கத்தில் எங்களையே 'கா' போட்டுக் கூப்பிட்டுச் சொன்னார். "வேணாம்கா. ஏழைப்பட்டவன் எங்க போனாலும் கோழிதான் கேப்பான். கோழிதான் நீதி." அதோடு அந்த வழக்குத் தள்ளுபடி.

இதனால் ஒரு நன்மை நடந்தது. வரவு செலவுத் திட்ட உரையைப் பக்தியோடு இருந்து கேட்ட இளம் பெண்கள் இந்த மாவட்டத்திலேயே நாங்கள் மட்டும்தான். நாடகம் போகிற நேரத்தில் ரிமோட்டைப் பிடுங்கிச் செய்தி வைப்போம். டொலர் ஏறினால் ஒருத்தி "ஐயோ பருப்பு!" என்று தலையில் கை வைப்பாள்.

அக்கா கட்டாருக்குப் போன காலத்தில் இந்தக் கணக்குக்கே வழி இருக்கவில்லையாம். "அப்ப அங்கயும் சட்டம் இல்ல, இங்கயும் சட்டம் இல்ல. வீட்டுக்கார மேடத்துக்கு என்ன மனம் வந்திச்சோ அதுதான் சம்பளம்" என்பார். பிறகு இங்கே எல்லாத் தொழிலாளிக்கும் இதற்குக் குறையக் குடுக்கக்கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பிறகு கட்டாரிலும் வந்தது. அங்கே முதலாளி சாப்பாடு தராவிட்டால் அதற்கு வேறு காசு, இருக்க இடம் தராவிட்டால் அதற்கும் வேறு காசு என்று மச்சாள் போனில் சொன்ன நாளில் அக்கா துள்ளிக் குதித்தார். கணக்குப்படி தூரம் கூடிவிட்டதால் நாங்கள் பருப்புத்தான் சாப்பிட்டோம். அதை அவர் பாயாசத்தோடு தந்தார். மச்சாளுக்குச் சம்பளம் ஏறியதற்குப் பாயாசமாம், எங்களுக்கு ஏறாததற்குப் பருப்பாம்!

அதன் பின்னால் டொலர் கூரையைப் பிய்த்துக்கொண்டு போன வருசம் வந்தது. மச்சாளின் றியால் அங்கே அதே றியால்தான். இங்கே வந்து விழும்போது மலையாக விழுந்தது. என்னுடைய சம்பளமும் அதே சம்பளம்தான், அது மடுவாகிவிட்டது. கோழி என் கண்ணுக்கே எட்டாத தூரத்துக்குப் பறந்துவிட்டது. காஸ் இல்லை, சிரட்டை எரித்துச் சமைத்தோம். கடைசியில் பருப்பும் கோழி விலைக்கு வந்தபோது அக்கா போன் எடுப்பதையே நிறுத்திவிட்டார். "இந்த மாசம் விளையாட்டு மழையால நிண்டிட்டு" என்று அறிவித்துவிட்டு, விடியப்புறம் வாவிக்கரைக்குப் போய்த் தோணிக்காரரிடம் சின்ன மீன் வாங்கி வந்து சொதி வைத்தார். அந்த வருசம் ஊரெல்லாம் பசி. எங்களில் ஒருத்தியும் பசியோடு படுக்கவில்லை. அதை இப்போது நினைத்தாலும் கண் கலங்கும்.

சரி, இனித்தான் என் கதை.

எனக்குச் சொந்த இடம் வெல்லாவெளி. அப்பா வட்டை வயலில் வேளாண்மை செய்கிறவர். நான் கடைக்குப் போகத் தொடங்கிய அடுத்த வருசம் வரம்பில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து பாயோடு கிடந்தார். அம்மா அவரை விட்டு நகர முடியாது. வீட்டில் உலை கொதித்தது என் சம்பளத்தில்தான். அது நின்றால் உலையும் நின்றுவிடும். முதலாளி எவ்வளவு தந்தாலும் நான் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு வந்ததற்கு அதுதான் காரணம்.

நாடு கொஞ்சம் நிமிர்ந்த பிறகு, ஆகக் குறைஞ்ச சம்பளத்தைக் கூட்டி அரசாங்க வர்த்தமானியில் போட்டாயிற்று என்று ஒரு வியாழக்கிழமை செய்தியில் சொன்னார்கள். போடிங்கே எழும்பி நின்று கூச்சல் போட்டது. கிரிக்கெட்டுக்குக்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டோம். பார்மசிப் பிள்ளை கோழிக்கடைக்கே ஓடத் தயாராகிவிட்டாள். அக்கா மட்டும் என்னைப் பார்த்தார்.

"புள்ள, உனக்கு ஏறினதா?"

"சட்டம் இப்பதானே அக்கா வந்திருக்கு."

"போன முறை கூட்டினாங்களே, அப்ப ஏறினதா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். அதற்கு முதல் போட்ட சட்டத்துக்கே என் சம்பளம் எட்டவில்லை என்று அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. கோழிக்கடைக்கு ஓடத் தயாரானவள் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"சட்டம் ஏறினா ஏறினதுதானே அக்கா, கோழி வைங்க" என்று ஒருத்தி கெஞ்சிப் பார்த்தாள்.

"சட்டம் கடைக்குப் போய்க் கோழி வாங்காது. சம்பளம்தான் வாங்கும்" என்றார் அக்கா. அந்த வெள்ளியும் பருப்புத்தான். எனக்குப் பருப்பு இறங்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தபோதே அவர் என்ன செய்யப் போகிறார் என்று விளங்கிவிட்டது.

"அக்கா, கடைக்கு மட்டும் வந்திடாதீங்க. கும்பிட்டுக் கேக்கிறன்."

"நான் ஏன் மனே வாறன்? எனக்குச் சீலை ஒண்டு எடுக்கணும். அதுக்கு வந்தாத்தான் உண்டு."

வந்தார். அதுவும் தீபாவளிக்கு முந்தின கிழமை, கடையில் கால் வைக்க இடமில்லாத நேரம். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே முதலாளிக்கு முன்னால் இருந்த கதிரையில் அமர்ந்தார். ஒரு சீலை விரிக்கச் சொன்னார். இன்னொன்று. மற்றொன்று. மேசையில் சீலை மலை போல் குவிந்தது. முதலாளியே நேரில் நின்று, "இது உங்களுக்கு எடுப்பா இரிக்கும்" என்று உற்சாகமாக விரித்தார். எனக்கு மட்டும்தான் வரப்போவது என்னவென்று தெரியும். நான் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு மடித்துக்கொண்டிருந்தேன்.

"இது வடிவா இரிக்கி. விலையும் நீங்க சொன்ன விலைதான், குறைக்க வேணாம்" என்றார் அக்கா.

முதலாளி பூரித்துப் போனார். மட்டக்களப்பில் விலை பேசாமல் சீலை எடுக்கிற மனுஷியை அவர் முதல் முறையாகப் பார்க்கிறார்.

"ஆனா முதலாளி, உங்கட கடையில ஆகக் குறைஞ்ச சம்பளம் ஆருக்கு?"

முதலாளியின் கை சீலையோடு அப்படியே நின்றது. கடையில் நின்ற சனம் காதைத் தீட்டிக்கொண்டது. அக்கா என்னைக் காட்டினார். "இந்தப் புள்ளைக்குத்தானே? இவ எங்கட போடிங் புள்ள. சட்டச் சம்பளம் இவளுக்கு வரல்லயே."

"அம்மா, பகல் சாப்பாடு குடுக்கிறன். ரெண்டு நேரம் பிளேன்டி குடுக்கிறன். தீபாவளிக்குச் சீலை குடுக்கிறன். எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க, சட்டத்துக்கு மேல வரும்."

"கட்டாரில சாப்பாடு குடுத்தாலும் அத சம்பளத்தில வெட்ட ஏலா, முதலாளி."

"அப்ப கட்டாருக்கே கூட்டிப் போங்களன்!"

சனம் சிரித்தது. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. அக்கா கோபப்படவில்லை. குடையை எடுத்தார். எழும்பினார். மேசையைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்தார்.

"வா புள்ள. அங்கால பார்ப்பம்."

இந்த வசனம் சந்தையில் மீன் வாங்குகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். மீன்காரன் விலை இறங்காவிட்டால், "சரி, அங்கால பார்ப்பம்" என்று நடக்க வேண்டும். மெதுவாக நடக்க வேண்டும். திரும்பிப் பார்க்கவே கூடாது. கொஞ்சத் தூரம் போக முதல் அவன் கூப்பிடுவான். மீன்காரியின் மகளாகப் பிறந்த அக்காவுக்கு உலகத்தில் பேரம் என்றால் இந்த ஒன்றுதான் தெரியும். அதை என் வேலையில் வைத்து விளையாடினார்! சீலை மடித்துக்கொண்டிருந்த நான் பாதி மடித்த சீலை ஒன்றோடு றோட்டுக்கு வந்துவிட்டேன்.

"அக்கா, விடுங்க, நான் போய் மன்னிப்புக் கேக்கிறன்."

"திரும்பிப் பாக்காதகா. பாத்தா விலை விழுந்திடும். இப்ப கூப்பிடுவான் பாரு."

கூப்பிடவில்லை.

போன் கடையைத் தாண்டினோம். கூப்பிடவில்லை. இளநீர்க்காரரைத் தாண்டினோம். வாகனச் சத்தம்தான் கேட்டது. நான் குரல் எடுத்து அழத் தொடங்கிவிட்டேன். அப்பா பாயில் கிடக்கிறார், மாதம் முடிய இன்னும் நாள் இருக்கிறது, இனி அம்மாவுக்கு என்ன சொல்லுவேன்? எனக்கு அக்காவில் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "உங்களுக்கென்ன அக்கா, போறது என்ட வேலைதானே!" என்று நடுறோட்டில் கத்திவிட்டேன். அக்கா கேட்டுக்கொண்டே நடந்தார். கையையும் விடவில்லை.

அந்தத் தெருவின் மூலையில் காத்தான்குடி காக்கா ஒருவரின் செருப்புக்கடை. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். வியாபாரம் இல்லாமல் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன தங்கச்சி, அழுற புள்ளய இப்பிடி இழுத்துப் போறீங்க? என்ன பிரச்சின?"

ஆள் கூப்பிட்டாயிற்று! அக்கா அந்த இடத்திலேயே நின்றார். முந்தானையால் ஒருதரம் முகத்தைத் துடைத்தார். திரும்பினபோது வாழைச்சேனைச் சந்தையே அவர் வாய்க்குள் வந்து குந்திக்கொண்டது.

"காக்கா, நல்ல புள்ள. களவு பொய் இல்ல. நேரத்துக்கு வருவா. சட்டச் சம்பளம் குடுத்தா இப்பவே எடுக்கலாம்."

"அல்லாஹ்வே! எனக்கு ஆள் வேணாம் தங்கச்சி. சனமே வருகுதில்ல."

"புள்ள நிண்டாத்தானே காக்கா சனம் வரும்? உங்கட முகத்தப் பாத்து எந்தப் பொம்புள செருப்புப் போட்டுப் பாப்பா?"

காக்கா தன் முகத்தைக் கண்ணாடியில் ஒருக்கால் பார்த்துவிட்டு, என் கையிலிருந்த சீலையைப் பார்த்தார். "இவவுக்குச் சீலை மடிக்கத்தானே தெரியும்?"

"சீலை மடிக்கத் தெரிஞ்சவளுக்குச் செருப்பு மடிக்கத் தெரியாதா?"

அழுகைக்கு நடுவில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. காக்காவும் சிரித்துவிட்டார். "சரி, சட்டச் சம்பளம் தாறன். ஆனா பிளேன்டி தரமாட்டன்."

"பிளேன்டி நான் போத்திலில குடுத்து விடுறன். பேச்சு முடிஞ்சிது!"

முடியவில்லை. அந்த நேரம் பார்த்துப் புடவைக்கடை முதலாளி வேர்க்க விறுவிறுக்க வந்து நிற்கிறார். மேசையில் மலையாகக் கிடந்த சீலையை மடிக்க ஆளில்லை, சனம் கத்துகிறது. "சரி சரி, நானும் அந்தச் சம்பளமே தாறன். பிளேன்டியும் தாறன். வா புள்ள" என்றார்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். முதன்முறையாக வாயை மூடிக்கொண்டு நின்றார். பதில் நான்தான் சொல்ல வேண்டும் என்று விளங்கியது.

"முதலாளி, குறை நினைக்காதீங்க. இவர்தான் முதல்ல கூப்பிட்டவர்" என்றேன். கையில் இருந்த சீலையை மடித்து அவரிடம் குடுத்தேன்.

திரும்பி வரும் வழியில் அக்கா வாவிக்கரை மதிலில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அவருடைய கையைக் கவனித்தேன். வேர்வையில் குடைப்பிடியே நனைந்திருந்தது.

"பயந்திட்டீங்களா அக்கா?"

"பயம் எண்டா கொஞ்சப் பயமா?" என்றார். பிறகு வாவியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அங்க ஒரு வீட்டில எனக்கு மாசக்கணக்கா சம்பளம் தரல்ல புள்ள. அம்மா சந்தையில செய்யிற மாதிரி நானும் செய்வமெண்டு உடுப்புப் பையத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தன். வாசலத் தாண்டினா மதில். மதிலுக்கு அங்கால மணல். பாஸ்போட் அவங்கட அலுமாரிக்குள்ள. எங்க நடக்கிற? நடந்தாலும் ஆரு கூப்பிடுற? பைய வச்சிட்டு, திரும்பிப் போய்க் கோப்பை கழுவினன். சம்பளம் அங்க கூடத்தான்கா, நான் இல்லயெண்டு சொல்லல்ல. ஆனா எங்கட ஊரில நடந்து காட்டலாம். நான் இண்டைக்குத்தான் நடந்து பாத்தன்."

இத்தனை வருசமாக வியாழன் தோறும் அவர் கோழியை வைத்து இரண்டு நாட்டையும் நிறுத்துக்கொண்டிருந்தபோது, இது அவர் நெஞ்சுக்குள் கிடந்திருக்கிறது. எங்களுக்கு வந்ததெல்லாம் சிரிப்புத்தான். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்.

"அந்தக் காக்கா கூப்பிடாட்டி என்ன அக்கா செய்திருப்பீங்க?"

"என்ன செய்யிற? அப்பிடியே உன்ட வீடு மட்டும் நடந்திருப்பம்."

"வெல்லாவெளி எவ்வளவு தூரம் தெரியுமா உங்களுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? உன்ட கைய நான் புடிச்சிட்டன். மறுகா எப்பிடி விடுற?"

அப்பா இப்போது கம்பு ஊன்றி வரம்பு மட்டும் நடந்து போய் வருகிறார். நான் அதே செருப்புக்கடையில்தான் இருக்கிறேன். காக்கா மகளைப் போல் பார்க்கிறார், பிளேன்டியும் தருகிறார். கட்டார் இன்னமும் எங்களுக்கு முன்னால்தான் ஓடுகிறது. அக்கா இன்னமும் போடிங்கில் சமைக்கிறார், புதுப் பிள்ளைகள் இன்னமும் பருப்பைத் திட்டிக்கொண்டு சாப்பிடுகிறார்கள்.

இந்தக் கதை வருகிற பத்திரிகையை டீச்சர் வாங்குவார் என்று தெரியும். அக்கா இதை மீன் வெட்ட விரிப்பார் என்றும் தெரியும். விரிக்க முதல் ஒருக்கா வாசியுங்க அக்கா. அன்றைக்கு அழுகையில் உங்களுக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டேன். உங்களை நினைக்காமல் இன்று வரைக்கும் நான் ஒரு சம்பளம் கை நீட்டி வாங்கினதில்லை.